முதலில் கை கொடு, பிறகு சிரி

(பொங்கல் விடுமுறை மாலையில், நம் குடியிருப்பின் கம்யூனிட்டி ஹாலில் நான்கு பேசாப் படங்களைத் திரையிடுவதற்கு முன் பேசியதன் எழுத்து வடிவம்.)



தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளே, போரடித்தால் நழுவிவிடலாம் என்று கதவோரமாக நிற்கும் நண்பர்களே!

செயலாளர் எனக்குக் கொடுத்த நேரம் இருபது நிமிடம். முப்பத்தாறு வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன் நான். சாங்ஷன் ஆன தொகைக்கு மேல் ஒரு பைசா எடுக்க மாட்டேன். கவலைப்படாதீர்கள்.

சினிமாவைப் பற்றிப் பேச உனக்கென்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் படித்தது பி.காம். சினிமாவுக்கும் எனக்கும் இருந்த தொடர்பு டிக்கெட் வாங்கியதோடு சரி. ஆனால் போன வருடம் நாற்பத்தைந்து நாள் காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தேன். பேப்பர் படித்து முடித்தாகிவிட்டது, சீரியல் பார்க்கப் பொறுமை இல்லை. என் மகள் ஒரு டேப்லெட்டைக் கையில் கொடுத்து, "அப்பா, இதைப் பாருங்க, சின்னச் சின்னப் படம்தான்" என்றாள். நூறு வருடத்துக்கு முந்தைய, பேச்சே இல்லாத, கறுப்பு வெள்ளை நகைச்சுவைப் படங்கள். அவற்றில் மூன்றையும், அவற்றுக்கெல்லாம் தாத்தாவான ஒரு குட்டிப் படத்தையும்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த ஹாலில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு நான் ஒரு பாக்கி வைத்திருக்கிறேன். அதை எல்லோர் முன்னாலும் தீர்க்க வேண்டும். கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் கணக்கு. பழக்க தோஷம்.

அந்தக் காலத்தில் படத்தைச் சுருளால் அளந்தார்கள். ஒரு சுருள் என்றால் சுமார் 1,000 அடி ஃபிலிம். ஓர் அடியில் 16 படக் கட்டங்கள். நொடிக்கு 16 கட்டம் என்று ஓட்டினால் ஒரு சுருள் 1,000 நொடி ஓடும். அதாவது 16 நிமிடம் 40 நொடி. நொடிக்கு 24 என்று ஓட்டினால் பதினோரு நிமிடத்தில் முடிந்துவிடும். நகைச்சுவைக் குறும்படங்கள் பெரும்பாலும் ஒரு சுருள், அல்லது இரண்டு சுருள். கேமராவைக் கையால் சுற்றித்தான் எடுத்தார்கள். பழைய படங்களில் ஆட்கள் தடதடவென்று ஓடுவதாக நமக்குத் தோன்றுகிறதே, அதற்குப் பாதிக் காரணம் மெதுவாக எடுத்ததைப் பிற்காலத்தில் வேகமாக ஓட்டியதுதான். மீதிக்குக் காரணம், சிரிப்புக்காக வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி எடுத்தது.

இன்றைய முதல் படம் ஒரு நிமிடம்கூட ஓடாது. 1895 டிசம்பர் 28ஆம் தேதி பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குப் படம் காட்டினார்களே, அன்று காட்டிய பத்துப் படங்களில் இதுவும் ஒன்று. தோட்டக்காரர் ஒருவர் ரப்பர் குழாயால் செடிக்குத் தண்ணீர் விடுகிறார். பின்னால் வரும் பையன் குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நின்றுபோகிறது. என்ன ஆயிற்று என்று தோட்டக்காரர் குழாயின் வாய்க்குள் எட்டிப் பார்க்கிறார். பையன் காலை எடுக்கிறான். முகத்தில் பீய்ச்சியடிக்கிறது. அவர் பையனைத் துரத்திப் பிடித்துப் பின்புறத்தில் நாலு சாத்து சாத்துகிறார். அவ்வளவுதான் கதை.

சினிமா பிறந்த அன்றே சிரிப்பும் பிறந்துவிட்டது, பாருங்கள். அந்தச் சிரிப்பில் ஒரு பெரியவர், ஒரு பையன், கொஞ்சம் தண்ணீர், கடைசியில் அடி, எல்லாம் இருக்கிறது. இந்த நாலையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் கதையிலும் நாலும் வரும்.

பிறகு அமெரிக்காவில் இது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. 1912இல் மேக் சென்னட் என்பவர் கீஸ்டோன் என்ற கம்பெனியை ஆரம்பித்தார். துரத்தல், மோதல், விழுதல் இதுதான் அவர்களுடைய சரக்கு. அங்கே 1914இல் வாரம் 150 டாலர் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்தான் சார்லி சாப்ளின். அடுத்த வருடம் வேறொரு கம்பெனியில் வாரம் 1,250 டாலர். 1916இல் மியூச்சுவல் கம்பெனியில் வாரம் 10,000 டாலர், அதற்குமேல் ஒப்பந்தத் தொகையாக 1,50,000 டாலர். ஐம்பத்திரண்டு வாரத்துக்குக் கூட்டிப் பாருங்கள், 6,70,000 டாலர். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. என் சர்வீஸில் எந்த இன்கிரிமென்ட்டும் இப்படி ஏறியதில்லை.

இவ்வளவு பணம் எதற்கு? விழுவதற்கு. சரியாக, அழகாக, பார்ப்பவர் வயிறு குலுங்கும்படி விழுவதற்கு.

இப்போது நான் விழுந்த கதைக்கு வருகிறேன். எனக்கு யாரும் டாலர் கொடுக்கவில்லை.

போன வருடம் ஐப்பசி மாத மழை விட்ட ஒரு காலை. அப்போது நான் சங்கப் பொருளாளர். மெயின்டனன்ஸ் பாக்கி ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிங்கில் வந்துகொண்டிருந்தேன். அங்கே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். "பார்க்கிங் இடத்தில் பந்து விளையாடக் கூடாது என்று சர்க்குலர் போட்டிருக்கிறதா இல்லையா?" என்று குரலை உயர்த்தி, விரலை உயர்த்தி, ஓரடி முன்னால் வைத்தேன். கார் கழுவிய தண்ணீரும் மழைத் தண்ணீரும் சேர்ந்து டைல்ஸ் மேல் நின்றிருந்தது. அடுத்த நொடி நான் தரையில்.

பிள்ளைகள் எல்லோரும் உறைந்துபோய் நின்றார்கள். ஒரே ஒரு பையன் மட்டும் சிரித்துவிட்டான். மூன்றாவது மாடிப் பையன். எங்கள் வீட்டுக்கு நேர் மேல் வீடு. 'களுக்' என்று ஒரு சிரிப்பு. உடனே வாயைப் பொத்திக்கொண்டான். ஆனால் எனக்குக் கேட்டுவிட்டது.

வாட்ச்மேன் ஓடிவந்து, "சார், அடிபட்டதா? மெதுவா உட்காருங்க, லிஃப்ட் வரைக்கும் பிடிச்சுக்கிறேன்" என்றார். "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று கையை உதறினேன். என்னால் நடக்க முடியும் என்று காட்டுவதற்காக லிஃப்டையும் விட்டுவிட்டுப் படியேறி இரண்டாவது மாடிக்குப் போனேன். வீட்டில் மனைவியிடம் சொல்லவில்லை. ராத்திரி பத்து மணிக்குக் கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு விரிசல். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "விழுந்த பிறகு நடந்தீர்களா?" நான் பதில் சொல்லவில்லை. பக்கத்திலிருந்த மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க விரும்பவில்லை.

கால் வலி ஒரு பக்கம். அந்தக் 'களுக்' சிரிப்புதான் அதைவிட அதிகமாக வலித்தது. படுத்தபடியே நம் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: 'பெரியவர்களை மதிக்கப் பிள்ளைகளுக்கு வீட்டில் கற்றுக்கொடுக்க வேண்டும்.' பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை, எல்லோருக்கும் தெரியும். பையனின் அப்பா பதிலுக்கு ஒரு போட்டோ போட்டார். என் ஸ்கூட்டர் மஞ்சள் கோட்டை அரை அடி தாண்டி நிற்கிற போட்டோ. நான் அவருடைய இரண்டு மாத மெயின்டனன்ஸ் பாக்கியை ஃபிளாட் எண்ணோடு நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொன்னேன். அவர் மூன்று வருட வவுச்சர்களைப் பார்க்க வேண்டும் என்று எழுத்துமூலம் கேட்டார். அவர்கள் வீட்டுத் துணியிலிருந்து என் பால்கனியில் சொட்டும் தண்ணீரை நான் வீடியோ எடுத்துப் போட்டேன்.

இதற்கு நடுவில்தான் டேப்லெட் கைக்கு வந்தது.

முதலில் பார்த்தது பஸ்டர் கீட்டன் என்பவரின் படம். 1895இல் பிறந்தவர். அப்பா அம்மா இருவரும் ஊர் ஊராகப் போய் மேடையில் வேடிக்கை நிகழ்ச்சி நடத்தியவர்கள். சின்னக் குழந்தையாக இருக்கும்போதே இவரும் மேடையேறிவிட்டார். இவருக்கு வேலை, அப்பா தூக்கி எறிந்தால் போய் விழுவது. தூக்கி எறிய வசதியாக, இவர் சட்டையின் முதுகில் பெட்டியின் கைப்பிடி ஒன்றைத் தைத்திருந்தார்கள்! குழந்தையைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று குழந்தைகள் நலச் சங்கத்தார் பலமுறை தடுக்கப் பார்த்தார்கள். இவரோ அடிபடாமல் விழுவது எப்படி என்பதை அந்த வயதிலேயே கற்றுக்கொண்டுவிட்டார். உடம்பை விறைக்காமல் தளரவிட்டு, கையாலோ காலாலோ விழுகிற வேகத்தை உடைத்து, உருண்டு எழுவது. வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம். குறிப்பாக என் வயதுக்காரர்கள்.

அங்கேயே இன்னொன்றும் கற்றார். விழுந்துவிட்டுத் தானும் சிரித்தால், பார்ப்பவர்கள் சிரிப்பதில்லை. தான் முகத்தை அசைக்காமல் எழுந்து நின்றால் கூரை பிய்த்துக்கொண்டு போகும். அதனால் வாழ்நாள் முழுவதும் படங்களில் கல் மாதிரி ஒரே முகம். அந்த முகத்தில் வெட்கமும் இருக்காது, கோபமும் இருக்காது. 'சரி, விழுந்தாயிற்று, அடுத்தது என்ன?' அவ்வளவுதான்.

படுக்கையில் இருந்த எனக்கு அது ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது.

இவரைப் பற்றி மேலும் தேடிப் படித்தேன். 1921இல், மின்சார வசதிகள் நிறைந்த ஒரு வீட்டைப் பற்றிப் படம் எடுக்கும்போது, நகரும் படிக்கட்டில் மாட்டிக் கணுக்கால் உடைந்தது. படத்தை நிறுத்திவிட்டார்கள். கால் தேறும்வரை அதிகம் ஓடாமல் தாவாமல் நடிக்கக்கூடிய வேறொரு படத்தை எடுத்தார். பிறகு 1922இல் அந்த மின்சார வீட்டைப் புதிதாக எடுத்து முடித்தார். கணுக்கால் உடைந்ததில் எனக்கும் அவருக்கும் ஒற்றுமை. உடைந்ததை ஒப்புக்கொண்டு வேலையை மாற்றிக்கொண்டதில்தான் வித்தியாசம்.

ஆனால் அவரும் ஒருமுறை என்னைப் போலவே செய்திருக்கிறார். 1924இல் எடுத்த படம், கொஞ்சம் பெரியது, ஐந்து சுருள். ரயிலுக்குத் தண்ணீர் ஊற்றும் பெரிய தொட்டியின் குழாயைப் பிடித்துத் தொங்கும் காட்சி. தண்ணீர் கொட்டிய வேகத்தில் தண்டவாளத்தில் போய் விழுந்து பிடரியில் அடி. தலைவலியைப் பொறுத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். பல வருடம் கழித்து வேறெதற்கோ எக்ஸ்ரே எடுத்தபோதுதான் டாக்டர் சொன்னார், கழுத்தெலும்பு ஒரு காலத்தில் உடைந்து தானாகக் கூடியிருக்கிறது என்று. அவருக்கு அப்போது இருபத்தெட்டு வயது, இரும்பு உடம்பு, பிழைத்துக்கொண்டார். எனக்கு அறுபத்தெட்டு.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், கட்டுப் பிரித்த பிறகு நம் காலை நடைக் குழுவில் ஒருநாள் கேட்டேன்: "விழுந்துவிட்டு வீட்டில் சொல்லாமல் மறைத்தவர்கள் யார் யார்?" முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். ஒரு மாமி பாத்ரூமில் விழுந்ததை மருமகளிடம் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் தனியாகக் கோயிலுக்கு விடமாட்டார்களாம். இன்னொருவர் மொட்டைமாடிப் படியில் சறுக்கியதை மகனிடம் மறைத்து ஒரு வாரம் முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறார். நமக்கு எலும்பு முறிவைவிடப் பெரிய பயம், 'வயசாயிடுச்சு' என்று நம்மைப் பார்த்துவிடுவார்களோ என்பது.

சரி, சாப்ளினிடம் திரும்புவோம். இன்று காட்டப்போகும் இரண்டாவது படம் அவருடைய 1916ஆம் வருட அடகுக்கடை. எங்கள் வங்கியில் நகைக் கடன் பிரிவில் பத்து வருடம் இருந்தேன், அதனால் இந்தப் படத்துக்கு மட்டும் நான் எக்ஸ்பர்ட். ஒருவர் ஓர் அலாரம் கடிகாரத்தை அடகு வைக்க வருகிறார். சாப்ளின் அதை டாக்டர் மாதிரி ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்கிறார். விரலால் தட்டிப் பார்க்கிறார். தகர டப்பா திறப்பது போலத் திறந்து, கெட்டுப்போன பண்டம் மாதிரி மோந்து பார்க்கிறார். பல் டாக்டர் போலக் குறடால் உள்ளே இருப்பதைப் பிடுங்குகிறார். சுருள்கம்பியை ஜவுளிக்கடைத் துணி மாதிரி நீட்டி அளக்கிறார். கடைசியில் எல்லாத் துண்டுகளையும் வழித்து, வந்தவர் தொப்பிக்குள் போட்டு, 'எடுத்துக்கொள்ள முடியாது' என்று தலையாட்டுகிறார். ஒரு கடிகாரம் நோயாளியாக, டப்பாவாக, வாயாக, துணியாக மாறுகிறது. இத்தனைக்கும் ஒரு வார்த்தை பேச்சு இல்லை. நகைக் கடனுக்கு வந்த எத்தனை பேர் எங்கள் கவுண்டரில் அந்தத் தொப்பிக்காரர் மாதிரி நின்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்பு பாதியில் நின்றது.

கவனித்துப் பாருங்கள், இந்தப் படங்களில் கேமரா பெரும்பாலும் தள்ளியே நிற்கும். தலை முதல் கால்வரை முழு ஆள் தெரிவார். முகத்தை மட்டும் காட்டினால் விழுவது எப்படித் தெரியும்? வெட்டி ஒட்டினால், உண்மையிலேயே விழுந்தாரா என்ற சந்தேகம் வந்துவிடும். முழு உடம்பும் பேசினால் வாய் பேச வேண்டியதில்லை. தமிழ் படிக்கத் தெரியாத என் பேரனும், காது சரியாகக் கேட்காத என் அக்காவும் ஒரே நொடியில் சிரிப்பது இதனால்தான்.

யார் விழுந்தால் சிரிப்பு வரும் என்பதற்கும் சாப்ளின் ஒரு விளக்கம் எழுதியிருக்கிறார், 1918இல் ஒரு பத்திரிகையில். அவருடைய ஒரு படத்தில், மாடியிலிருந்து ஐஸ்கிரீம் நழுவிக் கீழே உட்கார்ந்திருக்கும் ஒரு பணக்காரச் சீமாட்டியின் முதுகுக்குள் விழுகிறது. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதே ஐஸ்கிரீம் வீட்டுவேலை செய்யும் ஓர் ஏழைப் பெண்மேல் விழுந்திருந்தால் பாவம் என்றுதான் தோன்றியிருக்கும் என்கிறார். இறங்குவதற்கு அவளிடம் கௌரவம் என்று பெரிதாக எதுவும் இல்லை. சீமாட்டியிடம் நிறைய இருந்தது. அடுத்து அவர் சொல்வது இன்னும் முக்கியம். தலைகுப்புற விழுந்தாலும், கைத்தடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்து, ஒன்றும் நடக்காதது போலக் காட்டிக்கொள்ளும் ஆள்தான் சிரிப்பை வரவழைக்கிறான் என்கிறார்.

இதைப் படித்துவிட்டு, வேறு யாரையோ பற்றி என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பினேன்.

கொஞ்ச நாள் கழித்து, 1929இல் வந்த லாரல் ஹார்டி படம். இன்றைய மூன்றாவது படம் இது. வெயில் கொளுத்தும் கலிபோர்னியாவில் இருவரும் காரில் கிறிஸ்துமஸ் மரம் விற்கப் போகிறார்கள். ஒரு வீட்டுக்காரர் வேண்டாம் என்று கதவைச் சாத்துகிறார். மரத்தின் கிளை கதவில் மாட்டிக்கொள்கிறது. மணி அடிக்கிறார்கள், கதவு திறக்கிறது, மறுபடி மாட்டிக்கொள்கிறது. பொறுமையிழந்த வீட்டுக்காரர் மரத்தை வெட்டுகிறார். இவர்கள் அவர் வீட்டு வாசலில் கைவைக்கிறார்கள். கடைசியில் அவர் இவர்கள் காரைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறார், இவர்கள் அவர் வீட்டை இடிக்கிறார்கள்.

வேடிக்கை எங்கே என்றால், ஒருவர் உடைக்கும்போது மற்றவர் தடுப்பதே இல்லை! கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக நின்று பார்க்கிறார். முடிந்ததா? சரி, இப்போது என் முறை. தெருவில் கூட்டம் கூடுகிறது. ஒரு போலீஸ்காரர் காரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்கிறார், நிறுத்தச் சொல்வதில்லை. ஒரு கிளை கதவில் மாட்டியதற்கு ஒரு வீடும் ஒரு காரும் போயிற்று.

சிரித்துக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினேன். மஞ்சள் கோடு, நோட்டீஸ் போர்டு, வவுச்சர், பால்கனி. இதில் வீட்டுக்காரர் யார், மரம் விற்பவர் யார்? அந்தப் போலீஸ்காரர் யார் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. குழுவில் எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒரு வார்த்தை எழுதாமல் இருந்த நீங்கள் எல்லோரும்தான்! கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நோட்டுப் புத்தகத்தோடுதான் இருந்திருப்பேன்.

பிறகு மறுபடி ஓடவிட்டு, வாய்விட்டுச் சிரித்தேன். மரக்கதவு திறந்திருந்தது, கிரில் கதவு மட்டும் சாத்தியிருந்தது. நிமிர்ந்து பார்த்தால், கம்பிக்கு அந்தப் பக்கம் அந்தப் பையன் நிற்கிறான். மாடிக்குப் போகிற வழியில் சிரிப்புச் சத்தம் கேட்டு நின்றிருக்கிறான்.

"என்ன தாத்தா பாக்குறீங்க?"

என்ன சொல்வதென்று தெரியவில்லை. "வந்து பாரு" என்றேன்.

வந்து உட்கார்ந்தான். அடுத்து கீட்டனின் படம் ஓடியது. முதல் தடவை அவர் விழுந்தபோது பையன் சிரித்தான். சிரித்த மறுநொடி திரும்பி என் முகத்தைப் பார்த்தான். இரண்டாவது தடவையும் சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். யாராவது விழுந்தால் சிரிக்கலாமா கூடாதா என்று ஒவ்வொரு முறையும் என் முகத்தில் தேடிக்கொண்டிருந்தான். பத்து வயதுப் பையனின் சிரிப்புக்கு அப்படி ஒரு பூட்டைப் போட்டிருக்கிறேன் நான். அது எனக்குத் தாங்கவில்லை.

படம் முடிந்ததும் கேட்டேன். "அன்னிக்கு நான் விழுந்தப்ப ஏண்டா சிரிச்சே?"

தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மெல்லச் சொன்னான்: "நீங்க விழுந்ததுக்குச் சிரிக்கல தாத்தா. விழுந்த அப்புறம், ஃபைல் நனையாம கையை மட்டும் மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டே படுத்திருந்தீங்க. அதைப் பாத்ததும் வந்துருச்சு."

நான் ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. உடம்பெல்லாம் சேற்றுத் தண்ணீர். வலது கை மட்டும் விளக்குக் கம்பம் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. அதன் உச்சியில் மெயின்டனன்ஸ் பாக்கி ஃபைல். சாப்ளின் சொன்ன கைத்தடியும் தொப்பியும் வேறெது? நான் பக்கத்தைத் திருப்பினேனே, அந்தப் பக்கத்தில் இருந்தது நான்தான். விரலை உயர்த்தி அதட்டிக்கொண்டு வந்தவன் விழுந்தான். வாட்ச்மேன் கையில் வாளியோடு விழுந்திருந்தால் அந்தப் பையன் சிரித்திருக்க மாட்டான், ஓடிப்போய்த் தூக்கியிருப்பான். இதைவிடப் பச்சையாக எனக்கு யாரும் என் கணக்கைக் காட்டியதில்லை.

அன்று சாயங்காலம் அவனுடைய அப்பா பையனைத் தேடிக்கொண்டு கீழே வந்தார். நான் படுக்கையில் இருந்தபடியே நோட்டீஸ் போர்டு விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் என் மாவுக்கட்டைப் பார்த்துவிட்டு, "சார், எங்க வீட்டு பால்கனிக்கு ஒரு ட்ரே போட்டுடறேன்" என்றார். என் மனைவி காபி கொண்டுவந்தாள். லாரல் ஹார்டி படத்தில் கடைசியில் எல்லோரும் அழுவார்கள், சமாதானமும் ஆகும். ஆனால் சமாதானத்துக்குக் கொடுக்கிற சுருட்டு வெடிக்கும். எங்கள் காபி வெடிக்கவில்லை.

கடைசிப் படம், கீட்டன் 1920இல் எடுத்த 'ஒரு வாரம்'. இது நம் எல்லோருக்கும் ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் வீடு கட்டும் கதை. புதுமணத் தம்பதிக்கு மாமா கல்யாணப் பரிசாக ஒரு வீட்டைத் தருகிறார். வீடு பெட்டிகளில் வரும், எண் வரிசைப்படி நாமே சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். பெண் தன்னைக் கட்டிக்கொள்ளவில்லை என்ற ஆத்திரத்தில் ஒருவன் பெட்டியின் எண்களை மாற்றி எழுதிவிடுகிறான். விளைவாக வரும் வீட்டை நான் வர்ணிக்கப் போவதில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். நம் பில்டர் எவ்வளவோ தேவலை என்று தோன்றும். புயலில் அந்த வீடு விருந்தாளிகளோடு சேர்ந்து ராட்டினம் போலச் சுற்றும். அதற்காக நிஜமாகவே ஒரு சுழலும் மேடைமேல் வீட்டைக் கட்டினார்கள். பிறகுதான் தெரியும், வீடு கட்டியது வேறு மனையில். இழுத்துக்கொண்டு போகிறார்கள். ரயில் தண்டவாளத்தின் நடுவில் வீடு நின்றுவிடுகிறது. ரயில் வருகிறது. அதற்குமேல் சொல்ல மாட்டேன்.

ஆனால் கடைசிக் காட்சியைக் கவனியுங்கள். எல்லாம் போன பிறகு கீட்டன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு சின்ன வேலை செய்துவிட்டு, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் புரிந்தது இதுதான். அவர்கள் விழுந்ததற்காக நாம் இத்தனை வருடமாகச் சிரிக்கவில்லை. திரும்ப எழுவார்கள் என்ற நம்பிக்கை இருப்பதால்தான் சிரிக்க முடிகிறது. எழாவிட்டால் அது சிரிப்புப் படம் இல்லை. எழுவதற்குச் சில நேரம் இன்னொருவர் கை வேண்டும். அந்தக் கையைத்தான் அன்று நான் உதறினேன்.

அதனால் மூன்று விஷயங்கள் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, பெரியவர்களுக்கு. விழுந்தால் சொல்லுங்கள். அன்றே, அப்போதே, வீட்டில் சொல்லுங்கள். உலகத்திலேயே அதிகமாக விழுந்து எழுந்தவர் கழுத்தெலும்பு உடைந்தது தெரியாமல் வருடக்கணக்கில் நடந்திருக்கிறார். நாம் எம்மாத்திரம்? பிள்ளைகளே, அப்பா அம்மா விழுந்ததாகச் சொன்னால், 'உங்களை யார் அங்கே போகச் சொன்னது?' என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் நாங்கள் முழுக்கைச் சட்டை போடுகிறோம்.

இரண்டு, சங்கத்துக்கு. பார்க்கிங் சரிவில் கைப்பிடிக் கம்பி போடுவது, கார் கழுவும் தண்ணீரை வடிகாலுக்குத் திருப்புவது, இரண்டையும் அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக வைக்கிறேன். ஆதரவு தாருங்கள். நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்காதீர்கள்.

மூன்று, குழந்தைகளுக்கு. யாராவது விழுந்தால் முதலில் கை கொடுங்கள். அடிபடவில்லை என்று தெரிந்த பிறகு தாராளமாகச் சிரியுங்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

இப்போது அந்தப் பாக்கி. பேசாப் படங்கள் பெரும்பாலும் ஊமையாக ஓடியதில்லை. தியேட்டரில் யாராவது பியானோ வாசிப்பார்கள், பெரிய ஊர் என்றால் வாத்தியக் கோஷ்டியே இருக்கும். இன்றும் ஒருவர் வாசிக்கப் போகிறார். மூன்றாவது மாடியிலிருந்து கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்து, இதோ திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு வாரமாக எங்கள் வீட்டில் இந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கிறார்.

தம்பி, அன்றைக்கு உன்மேல் கோபப்பட்டது என் தப்பு. உன்னைப் பற்றிக் குழுவில் எழுதியது அதைவிடப் பெரிய தப்பு. குழுவில் எழுதினதால் இங்கே எல்லோர் முன்னாலும் சொல்கிறேன், மன்னித்துக்கொள். முதல் படத்தில் அந்தத் தோட்டக்காரர் பையனை அடிப்பார். அந்த இடத்துக்கு என்ன வாசிக்கிறாயோ, நன்றாக வாசி.

இருபது நிமிடம் ஆகிவிட்டது. வாட்ச்மேன் அண்ணா, நீங்களும் உள்ளே வந்து உட்காருங்கள். யாராவது அந்த விளக்கை அணையுங்கள். பார்த்துப் போங்கள், கீழே ஒயர் கிடக்கிறது.